காமர்ஸ் பிள்ளைக்குக் கணக்கு எதற்கு?

“கணக்கு இல்லாத குரூப் எது டீச்சர்?”

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் எங்கள் பள்ளி அலுவலக வாசலில் அதிகம் காதில் விழுந்த கேள்வி இதுதான். கேட்பது அப்பாவாகவோ அம்மாவாகவோ இருக்கும். பிள்ளை பின்னால் நின்று மதிப்பெண் பட்டியலின் நகலைச் சுருட்டிக்கொண்டிருக்கும். கணக்கில் 38, 42 என்று ஏதோ ஒன்று. உள்ளே உட்கார்ந்திருப்பவர் தலை நிமிராமலே “காமர்ஸ், கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்” என்று எழுதிக்கொள்வார். அடுத்த ஆள். ஒரு பிள்ளையின் பட்டப்படிப்பு எந்தப் பக்கம் போகும், எந்தப் பக்கம் போகாது என்பது பாதிக்கு மேல் அங்கேயே முடிவாகிவிடும்.

1978-ல் பிளஸ் 2 வருவதற்கு முன்னால் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்துக் கல்லூரியில் பி.யு.சி. சேரும்போதுதான் இந்தப் பிரிப்பு நடக்கும். இப்போது பதினைந்து வயதில், ஒரு வருடம் முன்பாகவே, நடந்துவிடுகிறது.

நான் விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் முதுகலை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். டாக்டர், இன்ஜினீயர் குரூப்பைப் பற்றிப் பேச ஊரில் ஆள் நிறைய உண்டு. காமர்ஸ் பற்றிப் பேச ஆளில்லை. அதனால் இதை நான் சொல்கிறேன்: காமர்ஸ் எடுக்கும் பிள்ளைகளில் முடிந்த அத்தனை பேரும் வணிகக் கணிதம் படிக்க வேண்டும். அந்தப் பிரிவு இல்லாத அரசுப் பள்ளிகளில் அதைத் திறக்க வேண்டும்.

விஷயம் தெரியாதவர்களுக்காக: நம் மாநிலப் பாடத்திட்டத்தில் தமிழ், ஆங்கிலம் போக நான்கு முதன்மைப் பாடங்கள். காமர்ஸ் பக்கம் வந்தால் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் மூன்றும் பெரும்பாலும் நிலையாக இருக்கும். நான்காவது பாடத்தில்தான் பிரிவு. ஒன்று, வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல். இன்னொன்று, கணினிப் பயன்பாடுகள். பல ஊர்களில் இரண்டாவது மட்டும்தான் இருக்கிறது. முதலாவது இருந்த பள்ளிகளிலும் ஆள் சேரவில்லை என்று கைவிட்டிருக்கிறார்கள்.

ஏன் சேரவில்லை? பிள்ளைகளின் பயம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் மதிப்பெண் போடும் முறையில் இருக்கிறது, அதை யாரும் வெளியே பேசுவதில்லை. கணினிப் பயன்பாடுகள் செய்முறை உள்ள பாடம். செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. எழுத்துத் தேர்வு 70-க்குத்தான்; அதில் 15 எடுத்து, மொத்தம் 35 வந்தால் தேர்ச்சி. ஒரு மதிப்பெண் கேள்விகளே 15 இருக்கின்றன. செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் பள்ளிகள் எவ்வளவு தாராளமாகப் போடும் என்பதை ஆசிரியராக இருந்த யாரும் மறுக்க மாட்டார்கள். வணிகக் கணிதத்துக்குச் செய்முறை கிடையாது. எழுத்துத் தேர்வு 90-க்கு. அதில் 25 எடுத்தால்தான் அகமதிப்பீட்டின் 10-ஐயும் சேர்த்து 35-ஐத் தொட முடியும்.

இப்போது ஒரு தலைமையாசிரியரின் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். பிளஸ் 2 தேர்ச்சி விகிதத்தில் முதலிடம் பிடிப்பதற்கே பேர்போன மாவட்டம் எங்களுடையது. ரிசல்ட் வந்த மறுநாள் ஆய்வுக் கூட்டம். ஒரு பிள்ளை தவறினாலும் ஏன் என்று கேட்பார்கள். வணிகக் கணிதத்தில் தவறும் வாய்ப்புள்ள பத்துப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு யார் அல்லாடுவார்கள்? நான்காவது பாடத்தை மாற்றிவிட்டால் தலைவலி தீர்ந்தது. பள்ளியின் சதவீதம் தப்பித்துவிடும். அந்தப் பத்துப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று மூன்று வருடம் கழித்துக் கேட்க எந்தக் கூட்டமும் இல்லை.

அவர்கள் என்ன ஆகிறார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன். காமர்ஸ் வகுப்பில் “என்ன ஆகப்போகிறாய்?” என்று கேட்டால் முதல் வரிசையில் இருந்து வரும் பதில் “சி.ஏ.” நல்ல ஆசை. சி.ஏ. ஃபவுண்டேஷனுக்கு எந்தக் குரூப் படித்தவரும் போகலாம். பத்தாம் வகுப்பு முடித்ததுமே பதிவு செய்துகொண்டு, பிளஸ் 2 முடித்த பிறகு எழுதலாம். தாள்கள் நான்கு. கணக்கியல், வணிகச் சட்டம், பொருளியல் ஆகிய மூன்றும் நாங்கள் நடத்திய பாடத்தின் நீட்சி. மூன்றாம் தாள் வேறு மாதிரி. 100 மதிப்பெண்ணில் வணிகக் கணிதம் 40, புள்ளியியல் 40, தர்க்கத் திறன் 20. தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் கழிவு. ஒவ்வொரு தாளிலும் 40, மொத்தத்தில் பாதி எடுத்தால்தான் தேர்ச்சி. கணினிப் பயன்பாடுகளில் 97 வாங்கிய என் மாணவி ஒருத்தி இந்தத் தாளிலேயே இரண்டு முறை நின்றாள். கணக்கியலில் அவள் கெட்டிக்காரி. மடக்கையும் கூட்டு வட்டியும் நிகழ்தகவும் அவளுக்குப் பிளஸ் 1-ல் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். இப்போது ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுகிறாள். கௌரவமான வேலை, குறையொன்றும் இல்லை. அவள் ஆசைப்பட்டது அது அல்ல.

சி.ஏ. ஒரு உதாரணம். பி.காம். சேர வணிகக் கணிதம் கேட்க மாட்டார்கள், சரி. பி.எஸ்சி. புள்ளியியலுக்குக் கேட்பார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.சி.ஏ. போன்றவற்றில் கல்லூரிக்குக் கல்லூரி விதி மாறும். சில இடங்களில் கணினிப் பாடம் இருந்தாலே போதும், சில இடங்களில் கணிதமோ வணிகக் கணிதமோ படித்திருக்க வேண்டும். டெல்லி பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஆனர்ஸ் படிக்க வேண்டுமானால் கியூட் தேர்வில் கணிதத் தாள் எழுதியே ஆக வேண்டும். பொருளியல் படிக்க ஆசைப்படும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு, பொருளியல் பாடத்தில் 100 வாங்கியிருந்தாலும், இந்தத் தகவல் பிளஸ் 2 ரிசல்ட்டுக்குப் பிறகுதான் போய்ச் சேருகிறது.

சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழி பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்பைப் பற்றி இப்போது எல்லாப் பள்ளிகளிலும் பேசுகிறார்கள். எந்தக் குரூப் படித்தவரும் சேரலாம், பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும் என்பது உண்மை. முதல் கட்டத்திலேயே கணிதமும் புள்ளியியலும் தனித்தனித் தாள்களாக உட்கார்ந்திருக்கின்றன என்பதும் உண்மை. சேரத் தகுதி என்பது ஒன்று, சேர்ந்தபின் தாக்குப்பிடிப்பது வேறு. விளம்பரத்தில் முதலாவது மட்டும் இருக்கும்.

இத்தனைக்கும் காமர்ஸில் கணக்கு இல்லை என்பதே பொய். பிளஸ் 2 கணக்குப்பதிவியலில் கூட்டாளி சேர்ப்பு என்று ஒரு பாடம். இரண்டு பேர் 3:2 என்ற விகிதத்தில் லாபம் பிரிக்கிறார்கள். மூன்றாவதாக ஒருவரை ஐந்தில் ஒரு பங்குக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள். பழைய இருவரும் எவ்வளவு விட்டுக்கொடுத்தார்கள்? மீதமிருக்கும் ஐந்தில் நான்கை 3:2 ஆகப் பிரித்தால் ஒருவருக்கு 12/25, மற்றவருக்கு 8/25. பழைய பங்கான 15/25, 10/25-ல் இருந்து கழித்தால் தியாக விகிதம் மறுபடி 3:2. பின்னம் தெரிந்த பிள்ளைக்கு நாலு வரி. தெரியாத பிள்ளை இதை “புது ஆள் வந்தால் பழைய விகிதமே தியாக விகிதம்” என்று மனப்பாடம் செய்துவைக்கும். தேர்வில் புதியவர் தன் பங்கை முழுவதும் ஒருவரிடம் இருந்தே வாங்கினார் என்று கேள்வியைக் கொஞ்சம் திருப்பினால் தீர்ந்தது. கணக்கைக் கண்டு ஓடிவந்த பிள்ளை, கணக்குப்பதிவியலுக்குள் அதே பின்னத்திடம் மாட்டிக்கொள்ளும். அங்கே அதைச் சொல்லிக்கொடுக்கக் கணித ஆசிரியர் இருக்க மாட்டார். நான்தான் கரும்பலகையில் வட்டம் போட்டு அஞ்சாக வெட்டிக் காட்டுவேன்.

பயம் என்கிறார்களே, அதையும் பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் பாதி வீடுகளில் பட்டாசு வேலை, தீப்பெட்டி வேலை, இல்லையென்றால் அச்சக வேலை. கூலி எண்ணிக்கைக்குத்தான். அம்மா இந்த வாரம் எத்தனை குரோஸ் முடித்தாள், வாங்கிய அட்வான்ஸில் பிடித்தது போகக் கைக்கு எவ்வளவு வரும் என்று நின்ற நிலையில் சொல்லும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஒரு குரோஸ் என்றால் 144. அதை மனதுக்குள்ளேயே பெருக்கும் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று நாம் முடிவு கட்டுகிறோம், பத்தாம் வகுப்பில் வடிவியலிலும் முக்கோணவியலிலும் சறுக்கியதற்காக.

வணிகக் கணிதத்திலும் முக்கோணவியல் இருக்கிறது, நுண்கணிதம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் நிதியியல் கணிதம் என்று ஒரு பாடமும் இருக்கிறது. தவணைத் தொகை, பங்கு, ஆதாயம் எல்லாம் அதில் வரும். எங்கள் பள்ளியில் அதை நடத்திய கணித ஆசிரியர் ஒருமுறை புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் குழுக் கடனை எடுத்தார். 40,000 ரூபாய் கடன், வருடத்துக்கு 12 சதவீதம் பிளாட் வட்டி, பன்னிரண்டு மாதத் தவணை. வட்டி 4,800 சேர்த்துப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 3,733 ரூபாய். “வட்டி எவ்வளவு?” என்றார். எல்லாரும் பன்னிரண்டு என்றார்கள். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது, வட்டியோ முழு 40,000-க்கும் கட்டுகிறீர்கள் என்று சொல்லி, அதே தவணையைப் புத்தகத்தில் இருக்கும் சூத்திரத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார். வருடத்துக்கு 21 சதவீதத்தைத் தாண்டியது. பின் வரிசையில் எப்போதும் வாயே திறக்காத ஒரு பெண், “சார், அப்போ எங்கம்மா குழுவில் சொன்னது பொய்யா?” என்று கேட்டாள். பொய் இல்லை, அவர்கள் கணக்குப் போடும் விதம் அது என்று அவர் விளக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு மணி அடித்த பிறகும் வகுப்பு கலையவில்லை.

மற்ற குரூப்களைப் பற்றிச் சுருக்கமாக. பொறியியல் என்றால் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 ஆகக் கட்-ஆஃப் 200 என்பது வீட்டுக்கு வீடு தெரியும். நீட் தேர்வில் கணிதம் கிடையாது. இயற்பியல், வேதியியல், உயிரியல்தான். இரண்டு பக்கமும் இருக்கட்டும் என்று பயோ-மேத்ஸ் எடுக்கும் பிள்ளைகளில் தாங்குகிறவர்கள் தாங்குகிறார்கள். கால்நடை மருத்துவத்துக்கும் வேளாண்மைக்கும் மாநில ஒதுக்கீட்டில் பிளஸ் 2 மதிப்பெண்ணே போதும், நீட் தேவையில்லை என்பதைப் பல பெற்றோர் இன்னும் அறியவில்லை. ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கு எந்தக் குரூப்பும் சரி. அரசுக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் என்றால் தமிழ்ப் பாட மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறார்கள். இன்ன படிப்புதான் வேண்டும் என்று ஒரு பிள்ளை தெளிவாக இருந்து, அதற்குக் கணக்கு வேண்டாம் என்றால் விட்டுவிடட்டும். சட்டமும் இலக்கியமும் வரலாறும் படிக்கப் போகிற பிள்ளையைப் பிடித்து மடக்கை போடச் சொல்ல நான் யார்? என் கவலை, என்ன படிக்கப் போகிறோம் என்றே தெரியாத பிள்ளையைப் பற்றியது. அப்படிப்பட்டவர்கள்தான் அதிகம், பதினைந்து வயதில் அது குற்றமும் அல்ல.

“பள்ளியில் இல்லாத பிரிவை எங்கே போய்த் தேட? பக்கத்தில் இருக்கும் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டால் போகிறது” என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-ல் மருத்துவத்துக்கு வந்தது. அடுத்த வருடமே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. ஆறு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பிளஸ் 1-க்கு மட்டும் கட்டணம் கட்டித் தனியார் பள்ளிக்கு மாறினால் அந்த உரிமை போயிற்று. புதுமைப்பெண் திட்டத்தில் பட்டப்படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் வருவதும் போகும். ஒரு பாடப் பிரிவு உள்ளூர் அரசுப் பள்ளியில் இல்லாமல் போனால், ஏழைப் பிள்ளை அந்தப் பாடத்தை இழக்கிறது, அல்லது இந்த உரிமைகளை இழக்கிறது. இரண்டில் எதை விடலாம் என்று அந்தக் குடும்பத்தைக் கேட்பது அநியாயம்.

எனக்கு எதிராகச் சொல்லப்படும் ஒரு வாதத்தில் நியாயம் உண்டு. நல்ல கல்லூரியில் பி.காம். இடம் பிளஸ் 2 மதிப்பெண்ணை வைத்துத்தான். கணினிப் பயன்பாடுகளில் 95 வாங்கக்கூடிய பிள்ளை வணிகக் கணிதத்தில் 65 வாங்கினால், 400-க்கு 30 மதிப்பெண் குறையும். அந்த முப்பதில் இடம் கைநழுவிப் போகும். உடன் வேலை பார்த்த ஆசிரியை ஒருவர் இதை என்னிடம் ஒவ்வொரு ஜூனிலும் சொல்வார். அவர் சொன்னது சரி. அதற்கு என் பதில், கல்லூரிகள் இதைக் கவனிக்க வேண்டும் என்பது. வணிகக் கணிதம் படித்து வந்த பிள்ளைக்கு பி.காம். தரவரிசையில் சிறு முன்னுரிமை கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? பி.காம். பாடத்திட்டத்தில் புள்ளியியல் தாள் இருக்கிறது. அதை நடத்தும் பேராசிரியர்களுக்கே அது நிம்மதி.

பயத்துக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. 2017-18-ல் வந்த பிளஸ் 1 பொதுத்தேர்வு 2025-26 முதல் எடுக்கப்பட்டுவிட்டது. பிளஸ் 1 பாடத்தை நடத்தாமலே தாவிவிடும் பழைய பழக்கம் திரும்பிவிடுமோ என்ற அச்சம் எனக்கும் உண்டு. ஆனால் கணக்கில் தட்டுத்தடுமாறும் பிள்ளைக்கு இது கிடைத்தற்கரிய ஒரு வருடம். பொதுத்தேர்வு இல்லாத அந்த வருடத்தில் தப்பாகப் போட்டு, அழித்து, மறுபடி போட்டுப் பழகலாம். பத்தாம் வகுப்பில் 42 வாங்கிய பிள்ளையைக் கைதூக்கிவிட ஒரு கணித ஆசிரியருக்கும் அவகாசம் கிடைக்கிறது. பழைய ஏற்பாட்டில் மார்ச்சில் பொதுத்தேர்வு என்ற பயத்திலேயே அந்தப் பிள்ளையைக் கழற்றிவிடுவோம்.

பள்ளிக் கல்வித் துறைக்குப் பெரிய திட்டம் எதையும் நான் கேட்கவில்லை. பாடநூல் இருக்கிறது. தேர்வு இருக்கிறது. கணிதம் உள்ள அறிவியல் பிரிவு நடக்கும் பள்ளியில் கணித முதுகலை ஆசிரியர் இருக்கிறார், அல்லது இருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஒவ்வொரு பள்ளியிலும், பத்துப் பேர் கேட்டாலும், வணிகக் கணிதப் பிரிவு உண்டு என்று ஓர் ஆணை போதும். அந்தப் பிரிவில் ஓரிருவர் தவறினால் தலைமையாசிரியரைக் கூட்டத்தில் நிற்கவைக்க மாட்டோம் என்ற உறுதியும் கூடவே வேண்டும். இரண்டாவது இல்லாமல் முதலாவது வேலைக்கு ஆகாது.

பெற்றோருக்கு: பிளஸ் 1 விண்ணப்பத்தில் பாடப்பிரிவு எழுதும் இடத்தைக் காலியாக விட்டு அலுவலகத்தில் கொடுக்காதீர்கள். வீட்டில் உட்கார்ந்து, பிள்ளை போக விரும்பக்கூடிய இரண்டு மூன்று படிப்புகளுக்குக் கல்லூரிகள் என்ன கேட்கின்றன என்று பார்த்துவிட்டு நீங்களே எழுதுங்கள். வணிகக் கணிதம் உங்கள் பள்ளியில் இல்லை என்றால், வேண்டும் என்று ஒரு மனு எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். உங்களைப் போல இன்னும் நான்கு பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். ஆள் சேரவில்லை என்று சொல்லித்தான் இந்தப் பிரிவை மூடினார்கள். ஆள் இருக்கிறோம் என்று எழுத்தில் காட்டுங்கள்.